சாட்சி: டில்மர்

“ஒண்ணு, ரெண்டு, மூணு. சோதனை. பேசறது ஆர்டீன் நெல்விக். தேதி ஏழு, செவ்வாய்க்கிழமை. காத்து வடமேற்குலேருந்து அடிக்குது. காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டேன், ஒரு பக்கம் மட்டும் வெந்தது.”

ஒலிப்பதிவுக் கருவி ஒழுங்காகப் பதிவு செய்கிறதா என்று ஆர்டீன் நெல்விக் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தச் சோதனை பதினொரு நிமிடம் போகும். ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓடுகிற நாடாவில் முட்டைக்கும் காற்றுக்கும், கருவியை எந்தக் கடையில் எப்படித் தேடி வாங்கினார் என்ற கதைக்கும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சமையலறை மேசைக்கு அந்தப் பக்கம் எண்பதோ தொண்ணூறோ வயதான உறவினர் ஒருவர், குளித்துத் தலை வாரி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் முறை வரும் என்று காத்திருப்பார், பாவம்.

“நான் பேச வரல. கேக்க வந்திருக்கேன்.” சோதனை முடிந்ததும் ஆர்டீன் சொல்கிற வாசகம் இது. வட டகோட்டாவின் கிழக்கு ஓரத்தில், சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நெல்விக் குடும்பத்தில் இந்த வாசகத்தைக் கேட்காத வீடு இல்லை. இதைக் கேட்டபின் வேறு எதையாவது சொல்ல முடிந்த வீடும் இல்லை.

வயது அறுபத்தெட்டு. ஆறடிக்கு மேல் உயரம். கால்சட்டை நழுவாமல் இருக்க இடுப்பில் வாரும் போட்டு, தோளில் பட்டையும் மாட்டியிருப்பார். இரண்டில் எதன் மேலும் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது. சட்டைப் பையில் ஐந்து நிறத்தில் ஐந்து பேனா. நார்வேயிலிருந்து வந்து இறங்கிய தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வழிக்கும் ஒரு நிறம். நிறங்களைப் பிரித்துக் கொடுத்தவர் ஆர்டீன்தான். தன் கிளைக்குச் சிவப்பு எடுத்துக்கொண்டார். நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் போனபின் மிச்சமிருந்த பழுப்பைச் சித்தப்பா இங்வால்டின் கிளைக்கு ஒதுக்கினார். அந்தக் கிளையில் அப்போது இருந்தவர்கள் இரண்டே பேர். கல்யாணமே செய்துகொள்ளாத டில்மர், அவர் தங்கை அர்லீஸ். இருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஓய்வு பெறும் வரை அவர் பார்த்த வேலை, ஆலங்கட்டி மழை அடித்த வயல்களில் இறங்கிச் சேதத்தை மதிப்பிடுவது. முப்பத்தோரு வருஷம். விதைத்தவன் வரப்பில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான்; ஆர்டீன் நாலு வரிசை நடந்து, நாலு தண்டை ஒடித்துப் பார்த்து, அவன் எவ்வளவு இழந்தான் என்று அவனுக்கே சொல்லிவிட்டு வண்டி ஏறுவார். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பயிர் போய், இப்போது மனிதர்களின் ஞாபகம் கையில் கிடைத்திருக்கிறது.

அவரைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த ஊர்க்காரர்கள் பதில் சொல்லும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. காபியில் ஒரு மிடறு போகும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை போகும். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும். அதற்கப்புறம்தான் முதல் சொல். ஊரில் எல்லாரும் அப்படித்தான், ஆர்டீனைத் தவிர. மூச்சு உள்ளே போகும்போதே முந்திரிக்கொட்டை மாதிரி, “அத நான் சொல்றேன்” என்று ஆரம்பித்துவிடுவார். தொண்ணூறு வருஷத்து வாழ்க்கையிலிருந்து ஒரு நாளைத் தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும் கிழவருக்கு, ஆர்டீன் தன் கதையில் ஏற்கெனவே ரயிலடி வரை போய்விட்டது தெரியும். எடுத்ததைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. இங்கே யாரும் யார் முகத்துக்கு நேரேயும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். “இருக்கலாம்” என்பார்கள். நீ சொல்வது சுத்த அபத்தம், ஆனாலும் உன் மனசை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். இது ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆர்டீனுக்கும் தெரியும். வாசலில் வந்து நின்று எதையாவது விற்கப் பார்க்கிறவனிடம் அவரே “இருக்கலாம், இருக்கலாம்” என்று சொல்லித்தான் கதவைச் சாத்துவார். ஆனால் கருவியின் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டால் அந்த ஞானமெல்லாம் எங்கே போகுமோ. “உங்கப்பா கப்பல்ல வயலின் வாசிச்சுகிட்டே வந்தாரு, அப்படித்தானே?” என்று ஒரு முதியவரிடம் கேட்டார். முதியவர் நிதானமாக, “இருக்கலாம்” என்றார். அப்பாவுக்குக் கப்பல் ஏறுமுன்பே இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ஆர்டீன் எழுதி அச்சிட்ட குடும்பப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தில் அவர் கப்பலின் மேல்தளத்தில் வயலின் வாசிக்கிறார். அதே பக்கத்தில் இருக்கும் புகைப்படத்தில் அந்தக் கையையும் பார்க்கலாம்.

அந்தப் புத்தகம் மூன்று பதிப்பு கண்டுவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஓரத்தில் கம்பிச் சுருள். ஆர்டீன் பிறந்ததற்கு நாலு பக்கம். தொண்டையில் சதை எடுத்தது, முதல் பரிசு வாங்கிய பன்றி, எல்லாம் அதில் உண்டு. டில்மருக்கு இரண்டு வரி. ‘திருமணம் ஆகவில்லை. பால்மாடு வைத்திருந்தார்.’

“எல்லாம் வர்ற தலைமுறைக்காகத்தான்” என்பார். வருகிற தலைமுறை அவரைக் கண்டால் கழிப்பறைக்குப் போகிறது. குடும்ப ஒன்றுகூடலில் ஒரு தடவை, இனிப்பு மேசைக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி அகப்பட்டுக்கொண்டாள். ஆர்டீன் குழந்தையின் தாடையை நிமிர்த்திப் பார்த்து, “பச்சை. பச்சையில மூணாவது கிளை” என்றார். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்கவில்லை.

அவர் மனைவி மர்னா நல்லவர். காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். கணவர் “நான் பேச வரல” என்று தொடங்கியதும் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு, பையை டப்பென்று மூடிவிடுவார். நாற்பத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இப்படி நூற்று நாற்பத்து மூன்று நாடாக்கள் சேர்ந்திருக்கின்றன. ஆர்டீன் வீட்டு நிலவறையில், செருப்புப் பெட்டிகளில், வரிசை எண்ணோடு. ஒவ்வொன்றின் மேலும் ‘ஆர்டீன் நெல்விக்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில், பேசவிடப்படாதவரின் பெயர் இருக்கும். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

நூற்று முப்பத்தெட்டாம் நாடா டில்மருடையது. அந்த ஒன்றை மட்டும் ஆர்டீன் தேடிப் போகவில்லை. டில்மரே தொலைபேசியில் கூப்பிட்டார். “மெஷின எடுத்துட்டு வா.” அவ்வளவுதான் சொன்னார். வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிகம் என்று இருந்த மனிதர் கூப்பிட்டது, தன் புகழ் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பதற்குச் சான்று என்று ஆர்டீன் மூன்று மாவட்டத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டில்மர் எதற்காகக் கூப்பிட்டார் என்பது அர்லீஸுக்குத் தெரியும்.

அப்போது அவளுக்கு ஆறு வயது, டில்மருக்குப் பத்தொன்பது. ஒரு வசந்தகாலத்துக் காலையில் வாய்க்கால் கரையில் டிராக்டர் கவிழ்ந்து அப்பா இங்வால்ட் இறந்துபோனார். பக்கத்தில் இருந்தவர் டில்மர் மட்டும். அன்றைக்கு டில்மர் சேறும் சகதியுமாக வீட்டுக்குள் வந்ததும், அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்ததும், அம்மா ஓடியதும் அர்லீஸுக்கு நினைவிருக்கிறது. அவளும் பின்னால் ஓடப் பார்த்தாள். டில்மர் சமையலறைக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவி நீட்டினார். அதுவரை அவர் அவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அவள் ரொட்டியைத் தட்டிவிட்டு அவர் கையைக் கடித்தாள், ரத்தம் வரும் வரை. அவர் நகரவே இல்லை. சாயங்காலம் கதவு திறந்தபோது அப்பாவைக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஏன் மறித்தாய் என்று அவள் கேட்டதில்லை. ஏன் என்று அவர் சொன்னதுமில்லை. ஐம்பத்தைந்து வருஷம் ஒரே தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் கையுறை பின்னிக் கொடுத்தாள், அவர் ஒரு பெட்டி வெண்ணெய் கொடுத்தார். அந்தக் கதவு நடுவில் சாத்தியே கிடந்தது. அவள் அவரை மன்னிக்கவில்லை.

ஆர்டீன் நாடாவோடு போய்வந்த அடுத்த ஞாயிறு, தேவாலயத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் டில்மர் அவளருகே வந்தார். “அப்பாவப் பத்திச் சொல்லிட்டேன். டேப்புல இருக்கு.”

“என்ன சொன்ன?”

ஒரு மூச்சு போய் வந்தது. “டேப்புல இருக்கு” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். எதிரே ஒரு முகம் இருந்தால் அவரால் முடியாது. பிப்ரவரியில், மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கப் போன இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே அர்லீஸ் ஆர்டீனைக் கூப்பிட்டு நாடாவைக் கேட்டாள். மூலம் வீட்டை விட்டு வெளியே போகாது என்றார். தூசி, ஈரம், காந்தம் என்று அரை மணி நேரம் விளக்கினார். ஈஸ்டருக்கு ஒரு சிடி வட்டில் பிரதி எடுத்து, பழுப்பு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். “சுத்தம் பண்ணிட்டேன். இனிமே கேக்க சுகமா இருக்கும்.”

அவள் அதை ஏழு தடவை கேட்டாள். சோதனைப் பதினொரு நிமிடம் குறையாமல் இருந்தது. முட்டை இருந்தது. டிராக்டர் எந்த வருஷத்து மாடல், எத்தனை குதிரைசக்தி என்று ஆர்டீன் சொன்னது இருந்தது. டில்மர் எட்டு தடவை “ம்” என்றார். ஒரு தடவை “இருக்கலாம்” என்றார். வேறு ஒன்றும் இல்லை.

மே மாதம் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. ‘இங்வால்ட் டிராக்டர் கவிழ்ந்து அந்த இடத்திலேயே காலமானார். வேதனை ஏதும் அனுபவிக்கவில்லை. சாட்சி: டில்மர்.’ அர்லீஸ் புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அவள் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவளுக்கு எதையும் மணி வைத்துப் பார்த்துத்தான் பழக்கம். வட்டை எட்டாவது தடவை ஓடவிட்டு, அடுப்பின் மேலிருந்த மணிக்கருவியைத் திருகி வைத்தாள். பிறகு ஆர்டீனைக் கூப்பிட்டாள்.

“நீ குடுத்த வட்டுல நாப்பத்தோரு நிமிஷம்தான் இருக்கு.”

“ஆமா. அதான் சுத்தம் பண்ணினேன்னு சொன்னேன்ல.”

“டேப்பு அறுபது நிமிஷம்.”

“காலியா இருந்தத எடுத்துட்டேன். டில்மரப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. ஒரு ‘ம்’ போடறதுக்குள்ள நான் ஒரு வயல அளந்துட்டு வந்துடுவேன். கேக்கற பிள்ளைங்க தூங்கிடக் கூடாதில்ல?”

“எடுத்தது எல்லாம் காலின்னு உனக்கு எப்படித் தெரியும்? கேட்டியா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு அர்லீஸ்? கம்ப்யூட்டர்ல கோடு ஓடும். பேசினா கோடு மேல எழும்பும். பேசலன்னா தரை. தரையா கெடந்ததெல்லாம் வெட்டிட்டேன். முப்பத்தோரு வருஷம் வயலப் பாத்தவன் நான். எது காலின்னு எனக்குத் தெரியாதா?”

டில்மர் எவ்வளவு மெல்லப் பேசுவார் என்பது அர்லீஸுக்குத் தெரியும். ஒலிவாங்கியை ஆர்டீன் எந்தப் பக்கம் திருப்பி வைத்திருப்பார் என்பதும் தெரியும். கத்தியிருக்கலாம். இந்த ஊரில் கத்துவதற்குப் பழக்கமில்லை. ஒரு மூச்சு இழுத்து விட்டுச் சொன்னாள்: “புத்தகத்துல ‘சாட்சி: டில்மர்’னு போட்டிருக்கியே, ஆர்டீன். ஜூலையில எல்லாரும் கூடறப்போ அந்த மூல டேப்பயே போட்டுக் காட்டேன். உன் வேலைய எல்லாரும் கேக்கட்டும்.”

சந்தோஷத்தில் ஆர்டீன், நிகழ்ச்சித் தாளில் தன் பெயரை எங்கே போடுவது என்று அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை மூன்றாம் ஞாயிறு. தேவாலயத்து அடித்தளக் கூடத்தில் நீள மேசைகள் போட்டு நாற்பத்துச் சொச்சம் பேர். உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பாத்திரங்கள் ஏழு, ஏழும் ஒரே ருசி. மாவும் உருளைக்கிழங்கும் கலந்து தட்டிய லெஃப்ஸே ரொட்டி ஒரு அடுக்கு. அண்டா நிறைய காபி. எல்லார் நெஞ்சிலும் நிறச் சீட்டு. பழுப்புச் சீட்டு குத்தியிருந்தவள் அர்லீஸ் ஒருத்திதான். நிகழ்ச்சித் தாளில், சாப்பாட்டுக்கும் இனிப்புக்கும் நடுவே, ‘ஆர்டீன் நெல்விக் வழங்கும் டில்மரின் குரல்’ என்று அச்சிட்டிருந்தது.

ஆர்டீன் கருவியை ஒரு துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் கொண்டுவந்தார். மேசையில் வைத்தார். ஊதினார். தானே ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அர்லீஸை எதிரே உட்காரச் சொன்னார். “நான் பேச வரல” என்று கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தார். இரண்டாவது வரிசையில் ஒரு கைப்பை டப்பென்று மூடியது.

பொத்தானை அமுக்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, சோதனை. நாற்பத்துச் சொச்சம் பேரும் அவர் தின்ற முட்டையைக் கேட்டார்கள். காற்று வடமேற்கிலிருந்து அடித்ததைக் கேட்டார்கள். ஆர்டீன் கண்ணை மூடிக்கொண்டு, கருவிக்குள்ளிருந்து வரும் தன் ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை அசைத்தார். தனக்குப் பிடித்த இடம் வரும்போதெல்லாம் கை தானாகப் போய்த் திருகைத் திருப்பி ஒலியைக் கூட்டியது. டில்மரின் ‘ம்’ வரும்போது, இரைச்சலாக இருக்கிறதென்று குறைத்தது. வெளிக் கதவுப் பக்கம் இரண்டு பேர் சிகரெட் பிடிக்க நழுவினார்கள்.

நாடா இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பியது.

“டில்மர், உங்கப்பா அந்த எடத்துலயே போயிட்டாரு. வலியே தெரியல. அப்படித்தானே?”

நாடாவுக்குள் ஒரு சுவர்க்கடிகாரம் நடந்தது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

“இருக்கலாம்” என்றார் டில்மர்.

கூடத்தில் முட்கரண்டிகள் நின்றன. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சிலர் அர்லீஸைப் பார்த்தார்கள். சிலர் பார்க்காமல் இருப்பதற்காகக் காபியைப் பார்த்தார்கள். ஆர்டீன் ஒரு விரலை உயர்த்தினார். “கேட்டீங்களா? சாட்சி.”

நாடாவில் ஆர்டீனின் குரல் தொடர்ந்தது. “இரு, அந்த மாடல் டிராக்டரோட போட்டோ கார்ல வெச்சிருக்கேன். காட்டறேன் பாரு.” நாற்காலி இழுபடும் சத்தம், கனத்த காலடி, வலைக்கதவு அடிக்கும் சத்தம். அப்புறம் கடிகாரம் மட்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆர்டீன், “இங்க ஒண்ணுமில்ல. நான் வெளிய போயிட்டேன்” என்று சொல்லி, முன்னால் ஓட்டும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார். அர்லீஸின் கை பொத்தான்களின் மேல் வந்து படுத்தது. சமையலறையில் தேய்ந்த பெரிய கை.

“விடு, ஆர்டீன்.”

“காலி அர்லீஸ். நாலு நிமிஷம் சும்மா ஓடும். எல்லாரும் இனிப்புக்குக் காத்துகிட்டு இருக்காங்க.”

“இருக்கட்டும். காலியவே கேக்கறேன்.”

இழுத்துப் பறிக்கிற வழக்கம் இல்லாததால் ஆர்டீன் விரலை எடுத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்து, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் சிரித்தார். கடிகாரம் நடந்தது. சிரிப்பு காய்ந்துபோகும் அளவுக்கு நடந்தது. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள், ஒலிவாங்கியிலிருந்து ரொம்ப தூரத்தில்.

“போயிட்டான்” என்றது டில்மரின் குரல்.

கடைசி மேசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்தார்கள். அர்லீஸ் காதைக் கருவியின் மேல் சாய்த்தாள்.

“இது அர்லீஸுக்கு.” கடிகாரம். “அப்பா ஒடனே போகல. அரை மணி நேரம் இருந்தார். பேசினார். மாட்டு வேலிக் கதவச் சாத்தினியான்னு கேட்டார். சாத்திட்டேன்னேன். சாத்தல.” ஒரு மூச்சு. “அப்புறம், சின்னவ எங்கன்னார். வீட்டுலன்னேன். அவள இந்தப் பக்கம் விட்டுடாதடா, என்னைய இப்படிப் பாக்கக் கூடாதுன்னார். ரொட்டியில சர்க்கரை போட்டுக் குடு, அவளுக்குப் பிடிக்கும், உள்ளயே வெச்சுக்கோன்னார். ரெண்டு தடவ சொன்னார்.” கடிகாரம் வெகுநேரம் நடந்தது. “அதத்தான் செஞ்சேன். அவ கடிச்ச எடம் இன்னும் கையில தெரியுது.” டில்மர் சிரித்தார். அவர் சிரித்து அங்கே யாரும் கேட்டதில்லை. “பரவால்ல.”

அர்லீஸ் அழுதாள். நாலு பேர் முன்னால் அழுவது இந்த ஊரில் இல்லாத வழக்கம். அவள் முகத்தை மூடிக்கொள்ளாமல், கருவியிலிருந்து காதை எடுக்காமல் அழுதாள். அவள் அண்ணன் ஐம்பத்தைந்து வருஷம் அவளுடைய கோபத்தைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். பின்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். மர்னா கைப்பைக்குள் கையை விட்டு எதையோ தேடி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார், ஆனால் பிந்திவிட்டது. நாடாவுக்குள் வலைக்கதவு மறுபடி அடித்தது, கனத்த காலடிகள் உள்ளே வந்தன.

“இந்தா பாரு, போட்டோ. எங்க விட்டோம்?”

ஆர்டீன் அர்லீஸின் தோளைத் தொட்டார். “அழாத, அழாத. இப்பக் கேளு. அடுத்தது ஒண்ணு சொல்றேன் பாரு, அதுதான் முக்கியம்” என்று சொல்லிவிட்டு, முன்னால் குனிந்து, ஒலியைக் கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பினார்.